தரை இறங்கின வீடு: கிரால் ஸ்பேஸ்ல கரையானை ஒழிச்சிட்டு மரச்சட்டம் மாத்தின ஒரு நிகழ்வு

வீடும் புகாரும்

ஒரே தளம் இருக்குற பழைய மர வீடு. சுத்தி கான்கிரீட் அஸ்திவார சுவர், நடுவுல வரிசையா பியர் (குட்டைத் தூண்), பியர் மேல பெரிய பீம், பீம் மேல ஜாய்ஸ்ட் (வரிசையா படுக்க வச்ச சின்ன சட்டம்), அதுக்கு மேலதான் தரைப் பலகை. பலகைக்கும் மண்ணுக்கும் நடுவுல ஆள் தவழ்ந்து போற அளவு இடம், அதுதான் கிரால் ஸ்பேஸ். இந்த வீட்ல ஒரு பக்கம் உக்காந்து வேலை செய்யலாம், பாத்ரூம் இருக்குற மூலையில மட்டும் மண்ணு மேடா இருந்ததால வயித்தால ஊர்ந்துதான் போகணும். எல்லா வீட்லயும் யாருமே போய்ப் பாக்காத மூலை இப்படித்தான் இருக்கும், பிரச்சினையும் அங்கதான் ஆரம்பிக்கும்.

வீட்டுக்காரங்க வயசான தம்பதி. பாத்ரூம் தரை கால் வச்சா அமுங்குது, வழிநடைக் கதவு சாத்துனா கொண்டி சேரல, குளியல் தொட்டி ஓரத்துல டைல்ஸ் விலகுது, இதுதான் புகார். ஒரு கார்பெண்டர் மேல இருந்து பாத்துட்டு, கீழ டார்ச் அடிச்சு எட்டிப் பாத்துட்டு, மூணு ஜாய்ஸ்ட்டும் கொஞ்சம் சில் பிளேட்டும் (அஸ்திவார சுவர் மேல படுக்க வச்சிருக்குற மரம்) மாத்தணும், சில நாள்ல முடிச்சிடலாம்னு சொல்லி எஸ்டிமேட்டும் குடுத்துட்டார். பூச்சி மருந்து எல்லாம் வேலை முடிஞ்சப்புறம் அடிச்சுக்கலாம்னு பேச்சு. நாங்க மேற்பார்வைக்கு உள்ள வந்தது இந்தக் கட்டத்துல.

முதல் தடவை கீழ இறங்குனப்ப

ஜாய்ஸ்ட்டுகளுக்கு நடுவுல ஃபைபர் கிளாஸ் இன்சுலேஷன் அடைச்சிருந்துச்சு, பாதி ஈரத்துல கனத்து தொங்கிட்டு இருந்துச்சு. அது இருக்குற வரைக்கும் மரத்தோட நிலைமைய பாக்கவே முடியாது, அதனால எஸ்டிமேட்டை ஓரமா வச்சிட்டு முதல்ல இன்சுலேஷனை இறக்குறதுன்னு முடிவாச்சு. இறக்குறதுக்கு முன்னாடியே எலிப் புழுக்கையும் கூடும் தெரிஞ்சுது. காஞ்ச எலி எச்சத்தை துடைப்பத்தால கூட்டுறதோ சாதா வேக்குவம் போடுறதோ கூடாது, தூசியா கிளம்பி மூச்சுல போகும், சில ஊர்கள்ல ஹாண்டா வைரஸ் மாதிரி நோய் இப்படித்தான் பரவுது. கிருமிநாசினி கலந்த தண்ணிய அடிச்சு ஊற விட்டு, முகத்துக்கு சரியா பொருந்துற ரெஸ்பிரேட்டர், கையுறை போட்டுட்டு, ஈரத்தோடயே அள்ளிப் பையில கட்டினாங்க. இதுக்கே எதிர்பார்த்ததை விட அதிக நேரம் போச்சு, யாரும் குறுக்கு வழி கேக்கல, அது வரைக்கும் நல்லது.

இன்சுலேஷன் போனப்புறம்தான் முழு படமும் தெரிஞ்சுது. பாத்ரூமுக்கு கீழ ரெண்டு பியர் மேல பென்சில் கனத்துல மண்குழாய் ஏறிப் போயிருந்துச்சு, மண்ணுக்குள்ள கூடு வச்சு ஈரத்தோட மேல ஏறி வர்ற கரையான் போடுற பாதை அது. பீமோட ஒரு முனை பியர் மேல உக்காருற இடத்துல ஸ்க்ரூடிரைவர் எந்த எதிர்ப்பும் இல்லாம உள்ள இறங்குச்சு. சுத்தியால தட்டுனா வெத்து சத்தம். சில் பிளேட் ஒரு நீளத்துக்கு மேல் தோல் மட்டும் மரமா நிக்க உள்ள அடுக்கடுக்கா அரிச்சு மண்ணு ஒட்டியிருந்துச்சு. கரையான் மரத்தோட மென்மையான வளையத்தை தின்னுட்டு கெட்டியானதை விட்டுட்டுப் போகும், அதான் அந்த அடுக்கு. எறும்பு குடைஞ்சிருந்தா சுவர் வழுவழுன்னு சுத்தமா இருக்கும், மண்ணு இருக்காது, மரத்தூளை வெளிய தள்ளிக் குவிச்சிருக்கும். இங்க அது எதுவும் இல்ல.

எங்களுக்கு முடிவெடுக்க ரொம்ப உதவுனது இன்னொரு விஷயம். முன்னாடி இருந்தவங்க காலத்துல யாரோ ஏற்கனவே ஒரு ரிப்பேர் பண்ணியிருந்தாங்க. அரிச்சுப் போன ரெண்டு ஜாய்ஸ்ட் பக்கத்துல புது மரத்தை ஒட்டி வச்சு போல்ட் போட்டிருந்தாங்க. மரம் நிறத்துலயே புதுசுன்னு தெரியுது, போல்ட்ல துரு கூட சரியா ஏறல. ஆனா பழைய மரத்தைத் தொடுற பக்கம் முழுக்க அரிச்சிருந்துச்சு. பாதை அப்படியே இருக்கு, பக்கத்துல சாப்பாடு வந்து நின்னிருக்கு, கரையானுக்கு வேற என்ன வேணும். வெளிப்பக்கம் பாத்தா நல்ல மரம், அதனால மேலோட்டமா டார்ச் அடிச்சவர் கண்ணுக்கு இது படவே இல்ல.

இன்னொரு மூலையில நாலஞ்சு ஜாய்ஸ்ட்ல குண்டூசித் தலை அளவு வட்ட ஓட்டைகள். உளு வண்டு வெளிய வந்த ஓட்டை. ஓட்டையோட ஓரம் எல்லாம் பழசாகி கருத்து இருந்துச்சு, கீழ புதுசா வெளிர் நிறத்துல மாவு மாதிரி தூள் இல்ல. இது இன்னும் உயிரோட இருக்குற தொல்லையா, எப்பவோ முடிஞ்ச கதையான்னு அன்னைக்கே சொல்ல முடியாது, ஏன்னா அந்த வண்டோட புழு மரத்துக்குள்ளயே வருஷக்கணக்குல இருக்கும்.

ஈரம்: பாத்ரூமுக்கு கீழ மீட்டர் 30 சதவீதத்தை ஒட்டி காட்டுச்சு, தூரத்து முனையில 17, 18. பூஞ்சை மரத்தை தின்ன ஆரம்பிக்கணும்னா ஈரம் கிட்டத்தட்ட அந்த 28, 30 அளவுக்கு ஏறணும், 20க்கு கீழ வச்சிருந்தா பாதுகாப்புன்னு எடுத்துக்கலாம். குளியல் தொட்டியோட வடிகால் இணைப்புல இருந்து சொட்டு சொட்டா தண்ணி இறங்கிட்டு இருந்துச்சு, மண்ணு ஈரம் மேல ஏறாம தடுக்குற பாலிதீன் விரிப்பே இல்ல, கட்டுனப்ப கான்கிரீட் ஊத்த அடிச்ச மரப்பலகைத் துண்டுங்க எல்லாம் மண்ணுலயே கிடந்துச்சு. கூப்பிட்டு விருந்து வச்ச மாதிரி.

உயிரோட இருக்கான்னு பாத்தது

மண்குழாய் இருக்குன்னா கரையான் இப்பவும் இருக்குன்னு அர்த்தம் இல்ல, பழைய குழாய் வருஷக்கணக்குல காஞ்சு ஒட்டிட்டே இருக்கும். அதனால ஒரு குழாய்ல நடுவுல ஒரு விரல் நீளம் மட்டும் உடைச்சு விட்டோம். எல்லாத்தையும் உடைச்சுத் தள்ள வேணாம்னு சொன்னது பெஸ்ட் கண்ட்ரோல்காரர், அவருக்கு எந்தப் பாதை எங்க போகுதுன்னு பாக்கணும், உடைச்சிட்டா அடையாளம் போயிடும். சில நாள் கழிச்சு பாத்தா உடைச்ச இடம் ஈர மண்ணால அடைஞ்சு போயிருந்துச்சு. சந்தேகம் தீந்துச்சு.

வண்டு ஓட்டைக்கு வேற வழி. இருக்குற ஓட்டைங்களை எல்லாம் பெயிண்ட்டால வட்டம் போட்டு, அந்தப் பகுதி மேல காகிதத்தை இறுக்கி ஒட்டி தேதி எழுதி வச்சாங்க. அடுத்த வெயில் காலத்துல வண்டு வெளிய வந்தா காகிதத்துல ஓட்டை விழும். இதுக்கு உடனே எதுவும் அடிக்க வேணாம்னு முடிவு.

எது முன்னாடி எது பின்னாடி

இங்கதான் பேச்சு நீண்டுச்சு. கார்பெண்டர் சொன்னது, "தம்பி, தரை இறங்கிட்டு இருக்கு, நீங்க பூச்சியப் பத்தி பேசிட்டு இருக்கீங்க. நாளைக்கு தொட்டியோட உள்ள விழுந்தா யாரு பொறுப்பு?" அவர் கேட்டதுலயும் நியாயம் இருக்கு. பெஸ்ட் கண்ட்ரோல்காரர், "அண்ணே, நான் மருந்து போட்டப்புறம் நீங்க பியருக்கு குழி தோண்டுனீங்கன்னா நான் போட்டதுக்கு அர்த்தமே இல்ல"ன்னார். இதுலயும் நியாயம். ரெண்டு பேரும் ஒரே விஷயத்தோட ரெண்டு முனைய பிடிச்சிட்டு நிக்கிறாங்க.

"முதல்ல மருந்து, அப்புறம் மரம்"னு ஒத்த வரியில சொல்றது பாதிதான் சரி. மண்ணுல போடுற மருந்து ஒரு தொடர்ச்சியான தடுப்பா நிக்கணும். அதை யாராவது வெட்டுனா அந்த வெட்டு வழியா கரையான் வந்துடும். அதனால மண்ணைக் கிளறுற வேலை எதுவா இருந்தாலும் மருந்துக்கு முன்னாடி முடிஞ்சிருக்கணும், மரத்தைத் தொடுற வேலை மருந்துக்குப் பின்னாடி வரணும். ரிப்பேர்னு ஒரே பேர்ல சொல்ற வேலைய இப்படி ரெண்டா பிரிச்சதும் சண்டை பெரும்பாலும் அடங்கிருச்சு. தரை விழாம இருக்க முட்டு குடுக்குறது இந்த ரெண்டுலயும் சேராது, அது எல்லாத்துக்கும் முன்னாடி.

அப்படி முடிவான வரிசை: முட்டு, தண்ணிக் கசிவு, எலி, குப்பைய எடுக்குறது, புது பியருக்கு அடித்தளம், மண்ணு மருந்து, காத்திருப்பு, மரத்துக்கு போரேட் (மரத்துல ஊறி பூச்சியையும் பூஞ்சையையும் தடுக்குற உப்பு மருந்து), அப்புறம் கார்பெண்டர் வேலை, கடைசியா பாலிதீன்.

மருந்து வகையிலயும் ஒரு தேர்வு இருந்துச்சு. இரை வைக்கிற முறை இருக்கு, கரையான் தோல் உரிக்க விடாம பண்ற மருந்து கலந்த இரைய சுத்தி மண்ணுல பதிச்சு வைப்பாங்க, அது கூட்டையே அழிக்கும், ஆனா மாசக்கணக்குல ஆகும். முட்டுல நிக்குற தரைக்கு அவ்வளவு நாள் காத்திருக்க வீட்டுக்காரங்க தயாரா இல்ல. அதனால ஃபிப்ரோனில் வகை திரவ மருந்து, கரையானுக்கு அது அங்க இருக்குன்னே தெரியாது, விலகிப் போகாம அது வழியாவே நடந்து உடம்புல ஒட்டிட்டுப் போய் மத்ததுக்கும் கொடுக்கும். விரட்டுற வகை மருந்துல இந்தப் பலன் கிடையாது. எங்கயாவது ஒரு இடைவெளி விட்டுட்டா அது வழியா ஏறி வந்துடும்.

அரிச்ச மரத்தை உடனே வெட்டி எடுக்காம மருந்து வேலை செய்யிற வரைக்கும் அப்படியே விட்டதுக்கும் காரணம் இருக்கு. கரையான் போய் வர்ற பாதை உடையாம இருந்தாதான் மருந்து போட்ட மண்ணு வழியா போக்குவரத்து நடக்கும், மருந்து பிடிச்சுதா இல்லையான்னு பாக்குறதுக்கும் அந்தக் குழாய்ங்கதான் நமக்கு மீட்டர். கார்பெண்டருக்கு இது பிடிக்கல, கெட்ட மரத்தைக் கண்ணு முன்னாடி வச்சிட்டு சும்மா இருக்குறது எந்த நல்ல தச்சருக்கும் கஷ்டம்தான்.

வேலை நடந்த விதம்

பீமுக்கு ரெண்டு பக்கமும் கனமான மரக்கட்டை அடுக்கி அது மேல ஸ்க்ரூ ஜாக்கி வச்சாங்க. தூக்கல, தாங்க மட்டும் விட்டாங்க. ஜாக்கி நிக்குற இடம் மருந்து ஊத்த வாய்க்கால் வெட்டப்போற கோட்டுல இருந்து தள்ளி இருக்கணும்னு முன்னாடியே கோடு போட்டு வச்சது பின்னாடி ரொம்ப உதவுச்சு. தற்காலிகமா நிக்குற மரக்கட்டையும் வேலை முடிஞ்சதும் கணக்கு பாத்து வெளிய எடுக்கணும், உள்ள விட்டுட்டா அதுவே அடுத்த தீனி.

பிளம்பர் வடிகால் இணைப்பை மாத்தினார். எலிக்கு முதல்ல பொறி வச்சு பிடிச்சிட்டு, வரத்து நின்னப்புறம் காத்து வர்ற துவாரத்துக்கெல்லாம் கால் இஞ்ச் கண்ணி கம்பி வலை அடிச்சாங்க. சுண்டெலிக்கு சுண்டு விரல் நுழையிற ஓட்டையே தாராளம். முன்னாடியே அடைச்சிருந்தா உள்ள மாட்டுனது செத்து நாத்தம் கிளம்பும். எலி கடிச்ச ஒயர் ஒண்ணும் கிடைச்சுது, எலக்ட்ரீஷியன் வந்து மாத்துற வரைக்கும் அந்த லைனை ஆஃப் பண்ணி வச்சாங்க.

பலகைத் துண்டு, பழைய இன்சுலேஷன், ஒரு மரவேர் எல்லாம் வெளிய போச்சு. மண்ணு மேடா இருந்த மூலைய வெட்டித் தாழ்த்துனாங்க. ஜாய்ஸ்ட்டுக்கும் மண்ணுக்கும் 18 இஞ்சாவது, பீமுக்கு 12 இஞ்சாவது இடைவெளி இருக்கணும், இல்லாட்டி பதப்படுத்தின மரம்தான் போடணும்னு கட்டட விதிகள்ல வரும், அந்த மூலையில அது இல்லவே இல்ல. புது பியர் ரெண்டுக்கும் குழி வெட்டி கான்கிரீட் போட்டதும் இதே சமயத்துலதான்.

அப்புறம் மருந்து. அஸ்திவார சுவரோட உள்பக்கம் சுத்தியும், ஒவ்வொரு பியரை சுத்தியும், மண்ணுக்குள்ள இறங்குற வடிகால் குழாயை சுத்தியும் சின்ன வாய்க்கால் வெட்டி லேபிள்ல சொன்ன அளவுக்கு, அதாவது 10 அடி நீளத்துல ஒரு அடி ஆழத்துக்கு 4 கேலன், ஊத்தி, எடுத்த மண்ணையும் மருந்துல நனைச்சுத் திருப்பி மூடினாங்க. இது லைசென்ஸ் இருக்குறவங்க செய்ய வேண்டிய வேலை. கிரால் ஸ்பேஸ் வழியா போற ஏசி டக்ட்டை நிறுத்தி, இணைப்புல கசிவு இருக்கான்னு பாத்துட்டுத்தான் ஆரம்பிச்சாங்க. கிணறோ தண்ணி சேருற குழியோ பக்கத்துல இருந்தா வேற மாதிரி யோசிக்கணும், இங்க ரெண்டும் இல்ல. மண்ணு காயுற வரைக்கும் யாரும் கீழ இறங்கல.

காத்திருந்த சில வாரத்துல வாராவாரம் குழாயை உடைச்சு உடைச்சு பாத்தோம். முதல் வாரம் ஒரு இடத்துல அரைகுறையா அடைச்சிருந்துச்சு, அதுக்கப்புறம் எதுவும் இல்ல, குழாய் காஞ்சு தொட்டா உதிர ஆரம்பிச்சுது. கசிவு நின்னு ஃபேன் வச்சு காத்து விட்டதுல ஈரமும் இறங்கிட்டு வந்துச்சு.

போரேட்ல ஒரு நுணுக்கம் இருக்கு, இது நெறைய பேர் கோட்டை விடுற இடம். அது மரத்துக்குள்ள ஈரத்தைப் பிடிச்சுத்தான் ஊடுருவும், முழுக்கக் காஞ்ச மரத்துல அடிச்சா மேலாப்புலயே நின்னுடும், பெயிண்ட் அடிச்ச மரத்துல உள்ளயே போகாது. அதனால ஈரம் 20க்கு கொஞ்சம் மேல இருக்கும்போதே வச்சுக்கப்போற எல்லா பழைய மரத்துக்கும் அடிச்சாச்சு, அதுக்கப்புறம் 19க்கு கீழ இறங்குற வரைக்கும் மறுபடி காத்திருப்பு. புது ஜாய்ஸ்ட்டை ஒட்டி வச்சு போல்ட் முறுக்கிட்டா ரெண்டுக்கும் நடுவுல இருக்குற முகத்தை இனி யாராலயும் தொட முடியாது. பழைய ரிப்பேர்ல அரிச்சிருந்தது கரெக்டா அந்த முகம்தான். இதைக் கையில எடுத்துக் காட்டினப்புறம் கார்பெண்டர் தானே ஸ்ப்ரேயர் வாங்கி விட்டுப் போன இடத்தை எல்லாம் அடிச்சார்.

மரவேலை சுருக்கமா: பீமை ஒரு நாளைக்கு இஞ்சுல எட்டுல ஒரு பங்குக்கு மேல தூக்காம மெதுவா ஏத்தினாங்க, அவசரப்பட்டா மேல சுவர் வெடிக்கும், குழாய் இணைப்பு விடும். கெட்ட பீம் முனைய வெட்டி எடுத்து புதுத் துண்டு போட்டு, சேருற இடம் பியர் மேல வர்ற மாதிரி பாத்துக்கிட்டாங்க. சில் பிளேட்டுக்கு பதப்படுத்தின மரம், வெட்டின முனைக்கு காப்பர் நாப்தனேட்ங்குற மரக்காப்பு மருந்து தடவி, கான்கிரீட்டுக்கும் மரத்துக்கும் நடுவுல ஈரம் ஏறாத பட்டை வச்சாங்க. தாமிரம் கலந்து பதப்படுத்தின மரத்துல சாதா ஆணி சீக்கிரம் அரிச்சுடும், அதனால துத்தநாகத்துல முக்கி எடுத்த போல்ட். ஒட்டு வைக்குற ஜாய்ஸ்ட் அரிச்ச இடத்தைத் தாண்டி ரெண்டு பக்கமும் நல்லா நீண்டு போகணும், பழைய ரிப்பேர்ல அதுவும் இல்ல. வெட்டின மரம் எல்லாம் பையில கட்டி வெளிய போச்சு.

கடைசியா 6 மில் (ஒரு மில்னா இஞ்சுல ஆயிரத்துல ஒரு பங்கு) கனத்துல பாலிதீன், இணைப்புல ஒண்ணு மேல ஒண்ணு ஒரு அடி ஏத்தி ஒட்டினது. சுவர் உச்சியில சில இஞ்ச் இடம் வெறுமனே விட்டோம். மேல வரைக்கும் மூடிட்டா நாளைக்கு மண்குழாய் அது பின்னாடி ஏறுறது யாருக்கும் தெரியாது.

அதுக்கப்புறம்

கதவு கொண்டி சேர்ந்துச்சு, பாத்ரூம் தரை கெட்டியாச்சு. தரை முழுக்க மட்டத்துக்கு வரல, வழிநடையில கால் இஞ்ச் தாழ்வு இருக்கு, அதுக்கு மேல தூக்குனா சுவர்ல விரிசல் அதிகமாகும்னு நிறுத்திட்டோம். அப்படியும் ஒரு கதவு மேல ஒரு மெல்லிசு விரிசல் விழுந்துச்சு.

சில மாசம் கழிச்சு நடந்த இன்ஸ்பெக்‌ஷன்ல புதுசா ஒரு மண்குழாய் கிடைச்சுது. பாத்ரூம் பக்கம் இல்ல, வாசல் படிக்கு நேரா உள்பக்கம். படியக் கட்டுனப்ப உள்ள மண்ணு நிரப்பி மேல கான்கிரீட் போட்டிருக்காங்க, அந்த மண்ணு நேரா சில் பிளேட் உயரத்துக்கு இருக்கு, உள்பக்கம் வெட்டின வாய்க்காலுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. படியில ட்ரில் போட்டு உள்ள மருந்து செலுத்தினாங்க. சில் பிளேட்ல மேலாப்புல கொஞ்சம் சுரண்டியிருந்துச்சு, அவ்வளவுதான். புது மரத்துல எதுவும் இல்ல.

அடுத்த வெயில் காலம் முடிஞ்சு காகிதத்தைப் பாத்தப்ப ஒரு ஓட்டை கூட இல்ல. ஒரு சீசனை வச்சு முடிவா சொல்லிட முடியாது, காகிதம் அப்படியே இருக்கட்டும்னு விட்டிருக்கு. பாத்ரூமுக்கு கீழ ஈரம் 15, 16ல நிக்குது.

மறுபடி செஞ்சா மாத்த வேண்டியது

படி, திண்ணை, வெளிய ஒட்டி இருக்குற கான்கிரீட் தளம் எல்லாத்துக்கும் உள்ள மண்ணு இருக்கான்னு முதல் இன்ஸ்பெக்‌ஷன்லயே பாக்கணும், இருந்தா முதல் மருந்தோடயே ட்ரில் போட்டு முடிக்கணும். இதுல ரெண்டாவது தடவை ஆள் வர வேண்டி வந்துச்சு.

எஸ்டிமேட் ரெண்டு கட்டமா வாங்கணும். இன்சுலேஷன் இறக்கி, ஸ்க்ரூடிரைவர் வச்சு குத்திப் பாக்குறது ஒரு கட்டம், அதுக்கப்புறம்தான் மரவேலைக்கு தொகை. மூடி வச்சிருந்தப்ப சொன்ன மூணு ஜாய்ஸ்ட் கடைசியில பீம் முனை, ரெண்டு பியர் வரைக்கும் போச்சு, வீட்டுக்காரங்களுக்கு அது அதிர்ச்சிதான்.

மூணு பேர் வேலையும் சேருற வரிசைய முதல் நாளே ஒரே தாள்ல எழுதி எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கியிருக்கணும், குறிப்பா மருந்துக்கப்புறம் யாரும் மண்ணைத் தொடக்கூடாதுங்குற வரி. நடுவுல எலக்ட்ரீஷியன் எர்த் கம்பி பதிக்க ஒரு குழி போட ஆரம்பிச்சு, பெஸ்ட் கண்ட்ரோல்காரர் தற்செயலா அங்க இருந்ததால நின்னுச்சு. தோண்டியிருந்தா அந்த இடத்துக்கு மறுபடி மருந்து போட வேண்டியிருக்கும், வாரண்டியும் கேள்விக்குறியாகும்.

இரை வைக்கிற முறைய திரவ மருந்தோட சேத்து வெளிப்பக்கம் போடலாமான்னு வீட்டுக்காரங்க இப்ப கேட்டிருக்காங்க. அடுத்த வருஷாந்திர இன்ஸ்பெக்‌ஷன்ல படிப் பக்கம் மறுபடி குழாய் தெரிஞ்சா போடுறது, இல்லாட்டி இப்ப இருக்குறதே போதும்னு பேசி வச்சிருக்கு.